நாலு பத்துக்கு விழுந்த தாள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. மற்றவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இது நள்ளிரவில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், என் ஜெராக்ஸ் கடையில், வெயில் கண்ணைக் கூசவைக்கும் நாலு பத்துக்கு நடந்தது.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு மாதங்களுக்கு முன்பு எதிர்ப்பக்க மெடிக்கல் ஷாப்பில் ஒரு திருடன் கத்தியோடு புகுந்தான். அலறல் கேட்டது. என்னிடம் லைசென்ஸோடு ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அது இருக்கும்போது கை சும்மா இருக்குமா? எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறான். கையில் துப்பாக்கி. எதிரே ஒருவன் மண்டியிட்டிருக்கிறான்.

சுட்டுவிட்டேன்.

விழுந்தவர் எங்கள் தெரு டெய்லர். அவரும் லைசென்ஸ் வைத்திருந்தவர். எனக்கு முன்னால் ஓடிவந்து, திருடனை மடக்கி மண்டியிட வைத்திருந்தார். "அண்ணே... நான்தான்ணே" என்றார். அதோடு சரி. திருடன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான்.

நல்லெண்ணத்தில் செய்தது என்று வழக்கை மூடினார்கள். துப்பாக்கியும் திரும்பி வந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்" என்றார். கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி மட்டும் தினமும் ஒரே பாட்டு. "அந்தச் சனியன ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க. அது உங்களையும் கொண்டுபோயிடும்."

"பார்க்கலாம்" என்பேன்.

மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை. கடையில் யாரும் இல்லை. மெஷினின் மூடி மூடியே இருந்தது. திடீரென்று... ர்ர்ர்ர்... பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்தது. ஒரு தாள் வந்து விழுந்தது. சாம்பல் நிறத்தில், கலங்கலாக, ஒரு கை.

மணி 4:10.

கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். செவ்வாய், 4:10. மறுபடியும் கை. புதன்கிழமை நாலு மணிக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

4:10.

ர்ர்ர்ர்...

இடது உள்ளங்கை. நடுவிரல் நுனி மட்டும் கன்னங்கறுப்பு. டெய்லர் இடது கைப் பழக்கக்காரர். ஊசி குத்தாமல் இருக்க அந்த விரல் நுனியில்தான் இரும்பு உறை மாட்டியிருப்பார். அவர் விழுந்ததும் இதே நாலு பத்துக்குத்தான்.

ஒன்பது நாட்களில் ஒன்பது தாள்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் தெளிவு. தனியாக இருக்கப் பயந்து, பத்தாவது நாள் மனைவியைக் கடைக்கு அழைத்து வந்தேன்.

4:09.

மெடிக்கல் ஷாப்பில் கூச்சல்.

என் கை டிராயருக்குள் போனது. இந்த முறை அவசரப்படக் கூடாது. யார் என்ன என்று பார்க்க வேண்டும். ஓர் உயிரைச் சரியாகக் காப்பாற்றிவிட்டால் அந்தக் கை என்னை விட்டுவிடாதா? அந்த நப்பாசைதான்.

"போகாதீங்க!"

முதுகுக்குப் பின்னால்... ர்ர்ர்ர்...

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டைத் தாண்டினேன். வலது கையில் துப்பாக்கி. இடது கையைக் கண்ணாடிக் கதவில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

திருடன் இல்லை. கத்தி இல்லை. வாங்கிய மாத்திரையைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், அதற்கு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

டமார்...

கண்ணாடி சிதறியது.

டமார்...

தோளில் நெருப்பு.

"அண்ணே... நான்தான்ணே..."

சொன்னது நான்தான். என் வாய்தான். ஆனால் நான் யாரையும் அண்ணே என்று கூப்பிடுகிறவன் இல்லை.

மணி 4:12.

சுட்டவர் ஹார்டுவேர் கடைக்காரர். "துப்பாக்கியோட ஒருத்தன் முதுகக் காட்டி நின்னான். திருடன்னுதான் நெனச்சேன்" என்று அழுதாராம். டெய்லர் விஷயத்துக்கு அடுத்த மாதமே, என்னைப் பார்த்துத்தான் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்.

பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று, மனைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பத்தாவது தாள். என் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரேகைகள் முடி பிசகாமல் தெரிந்தன. கட்டைவிரலுக்குக் கீழே, காகிதம் வெட்டும் கத்தி பட்ட என் பழைய தழும்பு. கறுப்பாக இருந்த நடுவிரல் நுனி... அது இரும்பு உறை இல்லை. அங்கே விரலே இல்லை.

முதல் குண்டு பிய்த்துக்கொண்டு போன அதே நுனி.

"இது எப்ப விழுந்துச்சு?" என்றேன்.

"நீங்க ரோட்டத் தாண்டுறதுக்கு முன்னாடியே."

பத்து நாளும் வந்தது என் கைதான். டெய்லர் தடுக்கப் பார்த்தாரா, நாள் குறித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். ஹார்டுவேர் கடைக்காரர் வழக்கையும் நல்லெண்ணம் என்று மூடிவிட்டார்கள். அவருடைய துப்பாக்கியும் திரும்பி வந்துவிட்டது.

நேற்று போன் செய்தார்.

"சார், உங்களுக்கு மெஷின் வேலை தெரியுமே... என் பில் மெஷின்ல ஒரு வாரமா கறுப்பா என்னமோ விழுது. யாரோ கைய வச்ச மாதிரி. ஒரு நடை வந்து பாக்குறீங்களா?"

"எத்தனை மணிக்கு விழுது?" என்று கேட்டேன்.

"தினமும் நாலு பன்னெண்டுக்கு சார்."