ஐந்துக்கு நான்கு

கொன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு, "அண்ணா, இந்த வீட்டில பின்கதவைக் காணேல்லை" என்று தங்கச்சி சொன்ன மத்தியானத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். மன்னார் நகரத்தில் எங்கள் வீட்டு முன்னறை. மின்விசிறி சுற்றியும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது ரீவித் திரையில் ஓடிய விளையாட்டில் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றி. அதை நான் எப்படிக் கேட்டேன் என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்கியது.

அவள் என் சின்னம்மாவின் மகள். வன்னிப் பக்கத்து இலுப்பைக்கடவையில் வயல் செய்த குடும்பம். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, கிழக்கே கிழக்கே போய், பிறகு முகாமில் இருந்து, சித்தப்பா இல்லாமல் ஊருக்குத் திரும்பினார்கள். நாங்கள் நகரத்திலேயே இருந்தோம். எங்களுக்கு வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டது, அவ்வளவுதான். மீள்குடியேறிய காணியில் தகரக் கொட்டில் போட்டதும், சின்னம்மா அவளை எங்கள் வீட்டில் விட்டுக் கணினி வகுப்பில் சேர்த்தார். அங்கே படிப்பித்தவர்களில் நானும் ஒருவன்.

வகுப்பு முடிந்த பின் கணினிகளில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஓடும். விளையாடுபவரின் கண்ணே போர்வீரனின் கண். திரையின் கீழே துப்பாக்கி முனை மட்டும் தெரியும். வெளிநாட்டு நகரம் ஒன்று, ஆளில்லாத தெருக்கள், வீடு வீடாகப் போய் எதிரே விளையாடுபவரைத் தேடிச் சுட வேண்டும். தங்கச்சி இரண்டு கிழமைக்குள் எங்கள் எல்லோரையும் வென்றாள். மவுஸைப் பிடித்த கை அசைவதே தெரியாது. இவ்வளவையும் கடந்து வந்த பிள்ளை இதை ஏன் இப்படி விரும்புகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். ஒன்றுமே சொல்லாமல் சிரித்துவிட்டால் நான் இன்னும் குழம்பிப்போவேன் என்பது மறுபக்கம்.

அந்த நாள்களில் கொழும்பிலிருந்து வெளிவந்த, இளைஞர்களுக்கான மாத இதழ் ஒன்றில் நான் கணினிப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ரீவியில் பூட்டி விளையாடும் ஒரு கொன்சோலும், அதே விளையாட்டைக் கொன்சோலுக்கு மாற்றி வெளியிட்ட இறுவட்டும் கொண்டுவந்தார். மாற்றம் எப்படி என்று மதிப்பிட்டு எழுதும்படி இதழாசிரியர் கேட்டார். நான் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அந்த விளையாட்டு நகரத்தின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குப் பாடம்.

மூன்று நாள்கள் இருவரும் எதிரெதிராக விளையாடினோம். பெருவிரலால் திருகித் திரும்புவது அவளுக்குச் சரிவரவில்லை. குறியை ஆளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் மிச்சத் தூரத்தை இயந்திரம் தானே இழுத்துச் சென்றது. "நான் திருப்பேல்லை அண்ணா, அதுவாய்த் திரும்புது" என்று இரண்டு மூன்று தடவை முறைப்பாடு சொன்னாள். கணினியில் திறந்துகிடந்த பல வீடுகள் இதில் பலகை அடித்து மூடியிருந்தன. மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் வீட்டுக்குள் போய், சமையலறைச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கணினியில் அங்கே ஒரு கதவு உண்டு. இங்கே வெறும் சுவர். அப்போதுதான் கொன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "பின்கதவைக் காணேல்லை. இதால ஒருத்தரும் வெளியில வரேலாது" என்றாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

நான் அன்று பின்னேரமே எழுதி முடித்தேன். விளையாட்டைப் பற்றி இரண்டு பந்தி. மிச்சமெல்லாம் அவளைப் பற்றி. வன்னியிலிருந்து மீண்டு வந்த ஒரு யுவதி, தப்பியோட வழியில்லாத வீட்டைக் கண்டு விளையாட்டை நிறுத்தினாள் என்று எழுதினேன். அவள் கண்கள் கலங்கின என்றும் எழுதினேன். கலங்கினவா? தண்ணீர் குடிக்கப் போனவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. எழுதும்போது மட்டும் பார்த்ததுபோல் இருந்தது. கடைசியில், இந்தப் பக்கத்தில் விளையாட்டுகளுக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று வழக்கமாகப் போடும் புள்ளியையும் போட்டு அனுப்பினேன்.

இதழ் வந்தது. பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? யாரோ அதைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட, அவர் நாள் முழுக்க அழுதிருக்கிறார். தங்கச்சி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டு, "போட்டு வாறன்" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அதன் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. நான் நல்லதைத்தானே எழுதினேன், உலகத்துக்கு ஒரு உண்மையைச் சொன்னேனே என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். யாரும் என்னோடு எதிர்வாதம் செய்யாதபடியால் அந்த வாதம் முடியவேயில்லை.

போன வருடம் மன்னார் பஸ் நிலையத்தில், புறப்படக் காத்திருந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. இப்போது ஒரு கந்தோரில் வேலை, இரண்டு பிள்ளைகள். இடையில் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் கண்டு பேசியிருக்கிறோம், இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. பஸ் பாலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் தெரியத் தொடங்கியபோது எனக்கு வாய் திறந்துகொண்டது. "அந்தக் கட்டுரை... நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது" என்றேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கேமைப் பற்றித்தானே சொன்னனான் அண்ணா. அந்தப் பின்கதவால சுத்திப் போனால்தான் மேல்மாடியில நிக்கிறவனை அடிக்கலாம். அதை மூடிப்போட்டு முன்னால மட்டும் போ எண்டால் அது என்ன விளையாட்டு? நீங்கள் ஒரு விசயம் தெரியவேணும் எண்டுதானே என்னைக் கூப்பிட்டனீங்கள். நான் தெரிஞ்சதைச் சொன்னன். நீங்கள் என்னைப் பற்றி எழுதிப்போட்டீங்கள்."

"ஒருத்தரும் வெளியில வரேலாது எண்டும் சொன்னாய்."

"ஓம், சொன்னனான்" என்றாள். மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, "நான் அந்தக் கட்டுரையைப் பாதி வாசிச்சதோட வைச்சிட்டன். கடைசியில எத்தினை புள்ளி போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"அஞ்சுக்கு நாலு."

"நாலா!" முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வழியெல்லாம் அடைச்சு, குறியை அதுவாய் இழுத்து, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் நிண்டு நிண்டு ஓடின சாமானுக்கு நாலா? எப்பிடி அண்ணா போட்டனீங்கள்?"

அவள் முகத்தில் இருந்தது உண்மையான கோபம். கட்டுரைக்காக நான் எதிர்பார்த்திருந்த கோபம், இதற்காக வந்தது. உண்மையைச் சொன்னேன். கணினியில் நான் ஒருநாளும் அவளை வென்றதில்லை. கொன்சோலில், இயந்திரம் குறிபார்த்துத் தந்தபடியால், மூன்று நாளும் நானே வென்றேன். நாலு அதற்குத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீயெண்டால் எத்தினை போடுவாய்?" என்று கேட்டேன்.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி யோசித்தாள். "ரெண்டு" என்றாள். "அதுவும் வெடிச் சத்தத்துக்காக. சத்தம் மட்டும் சரியாய் இருந்தது."

எதைப் போலச் சரியாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.