துரை பார்க்காத முதுகு

யுத்த காலம் அது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள் என்று, திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேரின் முதுகைப் போலீஸ் பிரம்பால் கிழித்திருந்தது. அதை விசாரிக்க வேறொரு நாட்டின் தூதரக அதிகாரி வந்தான். அவனுக்கு மொழிபெயர்க்க மிஷன் பள்ளி வாத்தியாரான என்னை அழைத்தார்கள்.

வெற்றுடம்போடு உழுகிறவர்கள், வந்த விருந்தாளிக்கு மரியாதை என்று அன்று சட்டை போட்டு வந்து நின்றார்கள். துரையோடு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தான்.

"ஏதாவது குறை இருக்கிறதா என்று துரை கேட்கிறார்" என்றேன்.

"ஊரு தேடி வந்தவுககிட்டக் குறை சொல்றதா? மொதல்ல மோரு குடிக்கச் சொல்லுங்க" என்றார் அடிபட்டவர்களில் மூத்தவர்.

அந்தப் பாவி மோரைக் குடித்தான். குறையில்லை என்று எழுதிக்கொண்டு காரேறினான். சட்டையைக் கழற்றச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் போட்டிருந்தது நான் கொடுத்த இரவல் சட்டை. திரும்பி வந்தபோது அதன் உள்பக்கம் ரத்தம் ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டு அதையும் நானே கழுவினேன்.