பார்வதம்மா கழுவிய தொட்டி

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் பார்வதம்மாவின் வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம், பினாயில் வாசனை தெருமுனைக்கு வந்துவிடும். சுரங்கம் ஓடிய காலத்தில் அவள் அப்பா லைன் சாக்கடைகளுக்குச் சுண்ணாம்பும் பினாயிலும் போட்டவர். நாறினால் நோய், தெளிந்தால் சுத்தம் என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண். அதிலிருந்து கசியும் நீர் அடியில் குட்டையாக நிற்கும், பார்க்கப் பளிங்குபோல இருக்கும். அதைக் குடித்தே அவளுடைய ஆடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. புருஷனும் போய்ச் சேர்ந்த வீட்டில் மிஞ்சியது ஒரு கறவை ஆடு.

ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் மமதா அங்கே ஒரு தொட்டி கட்டி ஜல்லி நிரப்பினாள். கசிவு நீர் அதில் புகுந்துதான் குட்டைக்குப் போகும். ஜல்லியில் வளரும் பாக்டீரியா சயனைடைத் தின்று உடைத்துவிடும். அவற்றுக்கு வெல்லப்பாகு ஊற்றும் வேலை பார்வதம்மாவுக்கு. ஆடு பயமில்லாமல் தண்ணீர் குடிக்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. ஜல்லியெல்லாம் வழவழவென்று படிந்து நாற ஆரம்பித்தது.

சோதித்துப் பார்த்த மமதா, "தண்ணி நல்லா ஆயிடுச்சி. அடுத்த வாரம் ஆபீசருங்க வராங்கம்மா. அவங்க முன்னாடி உங்க ஆடே மொதல்ல குடிக்கட்டும்" என்றாள்.

அந்த வாரம்தான் மாரியம்மன் பூப்பல்லக்கு. லைன் முழுக்கச் சாக்கடை கழுவினார்கள். வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக்கூடாதே என்று பார்வதம்மா தொட்டியையும் விடவில்லை. பினாயில் ஊற்றி, ஜல்லியைத் தேய்த்து, நாலைந்து தடவை அலசிவிட்டாள்.

ஆபீசர்கள் வந்த காலையில் ஆடு குட்டையோரம் செத்துக் கிடந்தது. மமதா தொட்டியிலிருந்து வெளுத்த ஜல்லி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"அந்த வழவழப்புலதான்மா உசிரு இருந்திச்சி. அதான் சயனைட தின்னுச்சி. ஏன் கழுவுனீங்க?"

"வெல்லம் ஊத்த சொன்ன, ஊத்துனேன். கழுவக்கூடாதுன்னு இன்னாத்துக்கு சொல்லல?"

படித்தவளுக்கு அதைச் சொல்லத் தோன்றாதது எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது.

"ஜல்லியில மறுபடியும் வளத்துக்கலாம்மா" என்றாள் மமதா கடைசியில்.

பார்வதம்மா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவங்க முன்னாடி முரண்டு பண்ணக்கூடாதுன்னு, விடியறப்பவே பழக்கலாம்னு இட்டாந்தேன். அது வேணாம்னு தலைய திருப்பிக்கிச்சி. நான்தான் கொம்ப புடிச்சி குடிக்க வெச்சேன்."