பிம்பா தொட மறுத்த கால்

பிம்பாவின் உள்ளங்கால் மரப்பட்டை மாதிரி காய்த்துப்போயிருக்கும். எங்கள் மசாஜ் கடையில் யாம்காங் மிதிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கரி அடுப்பில் பழைய கலப்பைக் கொழுவைக் காயப்போட்டு, குதிகாலை எண்ணெயில் தோய்த்து, கொழுவின் மேல் ஓர் இழுப்பு இழுப்பாள். உஸ்ஸென்று புகை கிளம்பும். அந்தச் சூட்டோடு கால் போய், படுத்திருப்பவரின் இடுப்பில் இறங்கும். முதல்முறை வருகிறவர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். போகும்போது, குனிந்து தங்கள் செருப்பைத் தாங்களே மாட்டிக்கொள்வார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே வலியால்தான். லம்பூன் பக்கம் லாம்யாய் தோப்பில் பழம் பறிக்கும்போது ஏணியோடு சாய்ந்துவிட்டாள். முறிந்த எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை எழவில்லை. தூக்கம் கிடையாது. யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவாளாம். பிறகு ஆஸ்பத்திரியிலேயே, பாரம்பரிய வைத்தியப் பிரிவில், மாதக்கணக்கில் பிடித்துவிட்டார்கள். "மொதல்ல தூக்கம் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. கை கடைசியாத்தான் வந்துச்சு" என்பாள். குணமானதும் அரசாங்கப் பயிற்சியில் சேர்ந்தாள். நானும் அங்கேதான் அவளுக்குப் பழக்கமானேன்.

புருஷன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி இன்தோன் மட்டும்தான். தெற்குக் கோடியிலிருந்து வடக்கு எல்லை வரை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். சொங்க்ரான் என்கிற புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு எப்படியும் வீடு வந்துவிடுவான்.

அந்த வருஷம் காட்டுத்தீ அடங்கவே இல்லை. புகையில் மலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நடுப்பகலிலும் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. காயப்போட்ட துண்டுகளில் கரித்துகள் படியும். தெருவில் எல்லாரும் இருமிக்கொண்டே நடந்தார்கள்.

இன்தோன் லாரியை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தான்.

"இடுப்பு ஒடிஞ்சு போச்சுக்கா. அவசர லோடு, வழியில எங்கயும் கால நீட்டக்கூட விடல."

பிம்பா சந்தோஷமாகப் பிடித்துவிட்டாள். தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால், ஒன்றையும் விடவில்லை. அவன் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்தான். "இப்பத்தான்கா உடம்பு என்னோடதா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை இடது காலை இழுத்துக்கொண்டு வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"நேத்து பாதியிலயே விட்டுட்டியா? இந்தக் கால்ல சதை பிடிச்சுக்கிச்சு. கொழுவக் காய வை. நாலு மிதி மிதிச்சா சரியாயிடும்."

பிம்பா அடுப்பை மூட்டிவிட்டு வந்து அவன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருந்தது. தோல் பளபளத்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பயிற்சியில் ஒரு நர்ஸம்மா இதைச் சொன்னபோது மத்தியானச் சோற்று மயக்கத்தில் பாதிப் பேர் கண் சொருகி உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் தொடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அது பெயர்ந்து நெஞ்சுக்கு ஏறிவிடலாம்.

"எந்திரிடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் பிம்பா.

"சுளுக்குக்கு ஆஸ்பத்திரியா?"

"சுளுக்கு மாதிரி தெரியல."

கடைக்காரி சொம்ஜின் காத்திருந்த வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "கூடப் பொறந்தவனுக்கே மிதிக்க மாட்டேன்னா, வந்திருக்கறவங்க என்னம்மா நெனப்பாங்க?"

பிம்பா மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். இன்தோனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊரையே மிதிச்சு எழுப்புற. எனக்கு மட்டும் கால் எழல. விடு, என் பொண்டாட்டிக்குக் கையில்லையா?" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பிம்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நேத்து அழுத்தினேன். அதே எடத்துல. கட்டைவிரல ஊனி ஊனி அழுத்தினேன்."

அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு இன்தோன் வீட்டுக்குப் போனேன். புகைக்குள் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுத் தரையில் பாய் விரித்து இன்தோன் குப்புறப் படுத்திருந்தான். அவன் மனைவி நொங்யாவ் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். பிம்பா ஓடிப்போய்ப் புட்டியைப் பிடுங்கி வாசலில் வீசினாள்.

"அண்ணி! பைத்தியம் பிடிச்சிருக்கா? ஒங்களால முடியாட்டி நான் செய்யறேன். ஒங்களுக்கென்ன வந்துச்சு?"

பிம்பா அந்தக் காலுக்கும் நொங்யாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "நேத்து நான் பிடிச்சதுலயே ஏதாவது ஆயிருக்கலாம். இனிமே யாரும் தொடக் கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது."

இன்தோன் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"ஆயிருச்சா இல்லையான்னு ஒனக்கே தெரியலையாக்கா?"

"தெரியலடா. அதான் பயமாயிருக்கு."

அதைக் கேட்ட பிறகுதான் அவன் எழுந்தான். அக்கா பயந்து அவன் பார்த்ததில்லை. "சரி, போலாம். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும், திருவிழா முடியறவரைக்கும் எனக்கு ஒட்டரிசிச் சோத்த உருட்டி நீதான் ஊட்டணும்" என்றான்.

பக்கத்து வீட்டு பிக்கப்பில் ஏறினோம். பாதி வழியில் அவன் இருமினான். நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே இருமிக்கொண்டிருந்த நேரம் அது. மறுபடி இருமினான். "கண்ணாடிய எறக்குங்க, காத்து பத்தல" என்றான். கண்ணாடி இறங்கியேதான் இருந்தது. பிம்பா அவன் சட்டைப் பித்தான்களைக் கழற்றினாள். அவன் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. நொங்யாவ் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், மூச்சுதான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவனைத் தூக்கித்தான் இறக்கினோம்.

கதவு மூடிய பிறகு பிம்பா சுவரோரம் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். காலில் உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலில் அடைத்திருக்கிறது, மருந்து கொடுத்துக் கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பிழைப்பான் என்று அவர் சொல்லவில்லை.

"மசாஜ் பண்ணதாலயா?" என்று நொங்யாவ் கேட்டாள்.

"இருக்கலாம். தானாவும் பெயர்ந்திருக்கலாம். லாரியில அசையாம உட்கார்ந்ததுல உறைஞ்சிருக்கு. எதனால பெயர்ந்துச்சுன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. நல்லவேளை, இன்னைக்குத் திரும்ப அமுக்கல."

கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நொங்யாவ் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பிம்பா எதைப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

இன்தோன் பிழைத்தான். தெருவெல்லாம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஆடிய நாட்களில் அவன் மூக்கில் குழாயோடு கிடந்தான். அதன்பிறகு அவன் தூர லாரிக்குப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறான்.

பிம்பா மழை பிடிக்கிற வரைக்கும் கடைக்கு வரவில்லை. வந்த பிறகும் பழைய மாதிரி இல்லை. யார் வந்தாலும் முதலில் இரண்டு கால்களையும் தடவாமல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறாள், எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தீர்கள் என்று கேட்கிறாள். "போலீஸ் விசாரணையா இது?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். சொம்ஜின் முணுமுணுத்தாள். ஆனால் பிம்பாவின் குதிகால் பட்டு இடுப்புவலி தீர்ந்தவர்கள் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். படுத்ததும் தூங்கிவிடுகிறார்கள்.

டாக்டரம்மா சம்மதித்த பிறகு இன்தோனுக்கும் கழுத்தும் தோளும் பிடித்துவிடுகிறாள். லேசாகத்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இது போதும்கா" என்பான். நொங்யாவ் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பிம்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். விரல் தோளைத் தாண்டிக் கீழே இறங்கினால் "அண்ணி" என்பாள். பிம்பா உடனே கையை எடுத்துவிடுவாள்.