தப்புச் சத்தத்துக்கு வந்த கதிரைகள்

மன்னார் பஸ் நிலையத்தில் ரீச்சர் வந்திறங்கிய மத்தியானத்தை நினைத்தால், முதலில் கண்ணுக்குள் வருவது அவரல்ல, அவர் கையிலிருந்த கம்பளிதான். வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கிறது. அந்த வெயிலில் ஒருவர், கம்பளியில் சுற்றிய வட்டமான பெரிய சாமானொன்றைத் தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல பஸ்ஸிலிருந்து இறக்குகிறார். நிழலுக்கு ஒதுங்கி நின்ற கழுதையொன்று கிட்ட வந்து மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு விலகிப் போனது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மலையகத்திலிருந்து நியமனமாகி வந்த சங்கீத ரீச்சரைக் கூட்டிவர அதிபர் என்னைத்தான் அனுப்பியிருந்தார். நான் படிப்பிப்பது விஞ்ஞானம். ஆனாலும் ஆட்களைச் சிரிக்கப் பண்ணுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற, "என்ன ரீச்சர், மலையிலயிருந்து சுளகும் கொண்டு வந்திட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஆமா சேர். கொஞ்சம் பெரிய சுளகு. இதுல புடைச்சா ஊரே எந்திரிச்சிரும்" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

எனக்குச் சமமான ஆள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அப்போதே விளங்கிவிட்டது. கம்பளிக்குள் இருந்தது தப்பு. மரவளையத்தில் தோல் இழுத்துக் கட்டி, இரண்டு குச்சிகளால் அடிக்கிற தேயிலைத் தோட்டத்துப் பறை.

ரீச்சர் முதலில் பாட்டில்தான் தொடங்கினார். மலையென்றால் தண்ணீர்த் தாங்கியின் உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு, ஒரு சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிறவள் எதிர்ச் சரிவில் நிற்கிறவளைப் பாட்டால் கூப்பிடுகிற கதையை எப்படி விளங்கப்படுத்துவது? அவர் பிள்ளைகளைக் கீரிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப்பேரை ஒரு பக்கம் நிறுத்தி, மீதிப்பேரைக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நடக்க விட்டார். நடுவில் கடற்காற்று. அந்தக் காற்றைத் தாண்டித் தொண்டை போனால் அதுதான் மலை என்றார். பிள்ளைகள் விழுந்தடித்துப் பாடினார்கள். என்ன, கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு அடிக்கும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தார்கள். "கொழுந்து கிள்ளச் சொன்னா வலை இழுக்கிறீங்களே, செடி வேரோட வந்துரும்டா" என்று ரீச்சர் கத்துவார். பொறுப்பாசிரியர் என்ற பெயரில் செருப்புகளுக்குக் காவலிருந்த நானும், யாரும் பார்க்காத நேரத்தில், எதிர்ப்பாட்டுக்கு வாயசைத்திருக்கிறேன். அப்படியொரு துள்ளல் அந்தப் பாட்டுகளில்.

தப்பு கம்பளியை விட்டு வெளியே வந்ததோடு துள்ளல் நின்றது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதை அடிக்கிறவர் யார், அடிக்காதவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் எங்களுக்குப் பட்டமே தரலாம். பிள்ளைகளில் சுத்தமாகத் தாளம் பிடித்தவள் என் மருமகள், என் மனைவியின் தமையனுடைய மகள். மச்சானுக்குத் தொழில், கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுவது. "செத்தவீட்டுச் சாமானை என்ர பிள்ளை தொடாது. நான் அதுக்குக் கதிரை போடுறவன், எனக்குத் தெரியாதோ?" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மற்றப் பெற்றாரும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். மருமகள் இரண்டு பென்சிலால் என் வீட்டு மேசையில் தட்டிக்கொண்டு, "மாமா, நீங்களாவது அப்பாவோட கதையுங்கோவன்" என்றாள். பெற்றார் கூட்டம் வைத்தோம். அதிபர், ரீச்சர், நான், ஆள் இருக்காத வெறும் வாங்குகள். அவ்வளவுதான் சனம்.

பரிசளிப்பு விழாவில் பாட்டு மட்டும் போதும், தப்பு வேண்டாம் என்று அதிபர் மெல்லச் சொன்னார்.

"அப்ப பாட்டும் வேணாம் சேர்" என்றார் ரீச்சர். "எங்க தோட்டத்துல இதை அடிச்சுத்தான் காலையில வேலைக்குக் கூப்புட்டாங்க. திருவிழாவுக்கும் இதுதான், கூத்துக்கும் இதுதான். எங்கம்மா போனப்பவும் இதுதான். ஒண்ணை மட்டும் வெட்டி எடுத்து எப்படிப் பாடுறது? எனக்கு வேற பள்ளிக்கூடம் குடுத்துருங்க."

அதிபர் மேசையிலிருந்த கடுதாசிகளை அடுக்கத் தொடங்கினார். சத்தமில்லாத இடத்தில் எதையாவது சொல்லிவைக்கிறது என் வியாதி. "ஆசிரியர் ஒருத்தர் அடிச்சால் பெற்றாருக்குக் கூச்சம் தெளியும்தானே? நான் அடிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் சொன்னதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. மிச்சமெல்லாம் கையின் பொறுப்பானது. மேடைப் பகிடி வேறு, மேடைத் தாளம் வேறு. பகிடி பிழைத்தாலும் சிரிப்பார்கள். தாளம் பிழைத்தால் அப்போதும் சிரிப்பார்கள், அதுதான் பயம்.

சனிக்கிழமை காலை மனைவி மீன் சந்தைக்குப் போனபின், எங்கள் ஊரான தோட்டவெளியில் என் வீட்டுக் கொல்லையில் பயிற்சியைத் தொடங்கினேன். கடற்காற்றில் தோல், காற்றுப்பட்ட பப்படமாய்த் தொய்ந்து கிடந்தது. ரீச்சர் சொல்லித் தந்தபடி காய்ந்த பனையோலையை எரித்து அனலில் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பியது. தோல் விறைத்ததும் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பயத்தில் அடி மெதுவாகத்தான் விழுந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. எனக்கே ஒரு பெருமை வந்தது, நேரம் போனதே தெரியவில்லை. பின்னால் யாரோ மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

வீட்டைச் சுற்றி முன் முற்றம் வரை சனம். ஆண்கள் தலைகுனிந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்தியிருந்தார். வாசலுக்கு முன்னால் ஒழுங்கையில் மச்சானின் லொறி. அதிலிருந்து கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாதி ஏற்கெனவே விரித்தாயிற்று, மூத்தவர்கள் அவற்றில் அமர்ந்தும் விட்டார்கள். என்னைக் கண்டதும் அக்கா, "தம்பி, நீர் நிக்கிறீர். அப்ப ஆர்?" என்றார். விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில், கைதான் பயத்தில் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டது. கூட்டம் மறுபடி விம்மியது.

அதற்குள் ஓட்டோவில் மனைவி வந்து இறங்கினாள். சந்தையில் யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். அழுது வீங்கிய முகத்தோடு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மீன் பையைப் பத்திரமாக ஒரு கதிரையில் வைத்தாள். "உயிரோடதான் நிக்கிறியள். நல்லது. இப்ப நான் கொல்லுறன்" என்றாள்.

ஒழுங்கை முடிவில் வாடகைக்கு இருந்த ரீச்சரும் சத்தம் கேட்டு வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வராத பெற்றார் அத்தனை பேரும் வரிசையாகக் கதிரையில் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது அழுகையால் அல்ல.

"வந்தவங்கள சும்மா அனுப்பக்கூடாது சேர். தேத்தண்ணி போடச் சொல்லுங்க" என்றார். தப்பை வாங்கி இன்னொருமுறை அனலில் காட்டினார். "சேர் அடிச்சது என்னா அடின்னு எனக்கே தெரியல. ஆனா காலையில ஆளுங்கள எழுப்பி வேலைக்குக் கூப்புடுறது இது" என்று அடித்துக் காட்டினார். கொல்லைப்பக்கம் நின்ற கோழிகள் எகிறின. பிறகு திருவிழா அடி. பிறகு கூத்தடி, கேட்கிறவன் கால் சும்மா நிற்காத அடி. இந்தியா அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த ஒரு தாய், கதிரையிலிருந்தபடியே, "இது எனக்குத் தெரியும். முகாமுக்குப் பக்கத்தில அம்மன் கோயில் திருவிழாவுக்கு அடிக்கிறவங்கள். நான் வேலிக்கு இஞ்சால நிண்டு ஆடினனான்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இப்ப வேலி இல்லைத்தானே, ஆடும்" என்றார். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போனது.

ரீச்சர் பாட்டைத் தொடங்கினார். பெற்றாரோடு வந்த பிள்ளைகள் வேலிக்கரையில் நின்று எதிர்ப்பாட்டுச் சொன்னார்கள். பாடிக்கொண்டே அவர் தப்பை மருமகளின் பக்கம் நீட்டினார். அவள் லொறியின் முன் ஆசனத்திலிருந்து இறங்கி வந்தாள். ஆனால் வாங்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள். சனமும் அவரைத்தான் பார்த்தது. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் கதிரைகளைப் பார்த்தார். வீட்டு வாசலை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் முகம் பார்த்தபடி போடுவது செத்தவீட்டு ஒழுங்கு. அவருடைய ஆட்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அவர் முன்வரிசைப் பெரியவரைக் கைபிடித்து எழுப்பி, அந்தக் கதிரையைத் தானே தூக்கி, முற்றத்தின் நடுவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு தன் ஆட்களிடம், "என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? எல்லாத்தையும் திருப்பிப் போடுங்கோ. பிள்ளைக்கு நிண்டு அடிக்க இடம் காணாது" என்றார்.

ரீச்சர் இப்போது மலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மருமகள் கம்பஸில் இசை படிக்கிறாள். லீவில் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தப்புப் பழக்குகிறாள். பழக விடமாட்டோம் என்று யாரும் வருவதில்லை; என் பிள்ளைக்கு ஏன் முன்வரிசை இல்லை என்றுதான் வருகிறார்கள். என்னைத் தப்பைத் தொட அவள் இன்றுவரை விட்டதில்லை.

அன்று அவள் முதல் பாட்டை அடித்து முடித்தபோது நான் தேத்தண்ணித் தட்டோடு மச்சானுக்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் துடைத்துவிட்டு, துடைக்காதவர் மாதிரி ஒரு கோப்பையை எடுத்தார்.

"மச்சான், நீ உண்மையாச் செத்தாலும் இவள்தான் அடிப்பாள்" என்றார்.

"சந்தோசம்" என்றேன்.

"ஆனால் நேரத்தோட சொல்லிப்போடு. ஆவணிக் கலியாணச் சீசனில எண்டால் கதிரை கிடையாது."