கடைசி வீட்டுப் பைப்

1. தேத்தண்ணி நிறம்

பென்சனுக்குப் போவதற்கு முந்திய வருடம் தீவுப்பகுதித் தண்ணீர்க் குழாய் லைனில் எனக்கு வந்த முறைப்பாடுகளில் பாதி ஒரே வசனம்தான்: "பைப்பிலை தேத்தண்ணி வருது." சிலர் கோபமாகச் சொல்வார்கள். சிலர் நக்கலாக, "சீனி மட்டும் போட்டால் சரி" என்பார்கள். நாரந்தனையில் இருக்கிற, யோசப்பின் என்று பெயருள்ள அக்கா மட்டும் நக்கலும் இல்லாமல் கோபமும் இல்லாமல், "தம்பி, ஒருக்கால் வந்து பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அப்படிச் சொல்பவர்களின் வீட்டுக்குத்தான் நான் முதலில் போவேன். கத்துகிறவனுக்குப் பின்னேரம் வரைக்கும் கத்தப் பலம் இருக்கும்.

கடற்கரைக்கு இறங்கும் ஒரு நீள ஒழுங்கை அது. லைன் முடிகிற இடத்தில் அவருடைய வீடு. அதற்கப்பால் ஒரு சிறு பனங்கூடல், பிறகு கடல்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணிறத் தண்ணீர் என்று யாராவது சொன்னால், "உங்கடை வீட்டுப் பைப் பழசு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்புவது. பாதி இடங்களில் அது உண்மையும்தான். ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது. நான் ஒரு வெள்ளை வாளி கொண்டு திரிவேன். முதலில் மேல் தாங்கியில் இருந்து வருகிற பைப்பில் பிடிப்பேன். பிறகு நேர் லைன் பைப்பில் பிடிப்பேன். கடைசியாக மீற்றருக்கு முன்னால் நட்டைக் கழற்றிப் பிடிப்பேன். மீற்றருக்கு முன்னாலேயே நிறம் இருந்தால் குற்றம் எங்கள் பக்கம்.

யோசப்பின் அக்கா வீட்டில் மீற்றருக்கு முன்னால் பிடித்த தண்ணீரில் வாளியின் அடி தெரியவில்லை.

"உங்கடை பிழை இல்லை அக்கா, லைன்தான்" என்றேன். அவர் என்னை உள்ளே வரச் சொன்னார். நடு அறையில் கட்டிலில் அவருடைய கணவர் சவிரி அண்ணை படுத்திருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போன மனுசன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அவரை ஒரு நாளில் பலமுறை துடைக்க வேண்டும். விரிப்பு மாற்ற வேண்டும், மாற்றியதைத் தோய்க்க வேண்டும். கொடியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை என்பது நான் சொல்வது. எல்லாம் பழுப்பாகிப்போய்க் கிடந்தன.

மகள் ஜெனி யாழ்ப்பாணம் ரவுனில் மேல்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தார். தகப்பனை அங்கே கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு கிழமையும் கேட்பார். சவிரி அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. கடல் கேட்காத வீட்டில் தனக்கு நித்திரை வராதாம். அலையின் இரைச்சலை வைத்தே, வீசுவது வாடைக் காற்றா, தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்றா என்று கட்டிலில் கிடந்தபடி சொல்லிவிடுவார். வளவுக் கிணறு உப்பு. பௌசர் லொறியில் வருகிற தண்ணீரைக் குடித்து, உப்புத் தண்ணீரில் தோய்த்து, யோசப்பின் அக்கா கையெல்லாம் வெடித்திருந்த நேரத்தில்தான் எங்கள் லைன் வந்தது. "இந்தப் பைப் வந்தபடியால்தான் தம்பி இவரை வீட்டிலை வைச்சுப் பாக்கிறன்" என்றார். அதை அவர் நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு அது தலையில் ஒரு மூட்டையை ஏற்றியது போல இருந்தது.

2. வீடு இருக்கு, ஆள் இல்லை

எங்கள் எஞ்சினியர் ஒரு இளம் பெண். வயதில் என் மகளை விடச் சின்னவர்; கெட்டிக்காரி. ஒழுங்கையின் படத்தை மேசையில் விரித்து, எந்தெந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் வெட்டிக்கொண்டு போனார். இது கனடா. இது லண்டன். இது கொழும்பு. இதில் ஒரு நாய் மட்டும். ஒழுங்கையின் பின்பாதியில் யோசப்பின் அக்கா வீடு ஒன்றுதான் வெட்டப்படாமல் நின்றது.

"வீட்டை எண்ணி லைன் போட்டிருக்கினம் அண்ணை, ஆக்களை எண்ணேல்லை" என்றார்.

விசயம் இதுதான். பூட்டிய வீட்டுக்காரரும் வெளிநாட்டில் இருந்து சொல்லிவிட்டு இணைப்பு எடுத்து வைத்திருந்தார்கள். ஊரில் வீடு இருந்தால் பைப்பும் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அத்தனை வீட்டுக்கும் போதுமான பெரிய குழாய் நிலத்துக்குள் கிடக்கிறது. எடுப்பவர் இல்லை. தண்ணீர் ஓடாமல் நிற்கிறது. ஒழுங்கைத் தொடக்கத்தில் பழைய திட்டத்தின் இரும்புக் குழாய்த் துண்டொன்றை அப்படியே சேர்த்திருந்தார்கள். அதன் துருவும், வேறு லைன்களால் வருகிற மண்டியும் மெல்ல மெல்ல வந்து குழாயின் அடியில் படுத்துவிட்டன.

இதற்கு மருந்து லைன் முடிகிற இடத்தில் ஒரு வோஷ் அவுட் வோல்வ். அதைத் திறந்தால் அடியில் கிடக்கிற மண்டி முழுவதும் ஒரே வேகத்தில் வாய்க்காலுக்குப் போய்விடும். எஞ்சினியர் அன்றைக்கே எழுதி மேலே அனுப்பினார். மேலிடம் மேலிடத்துக்கு அனுப்பியது. அரசாங்க வேலை தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

அதுவரைக்கும் நான் கிழமைக்கு ஒருமுறை போய், யோசப்பின் அக்கா வீட்டு வளவுப் பைப்பைச் சின்னதாகத் திறந்து நெடுநேரம் ஓடவிடுவேன். அடியில் கிடக்கிறது கிடக்கட்டும், மேலால் நல்ல தண்ணீர் வரட்டும் என்பதுதான் கணக்கு. தூங்குகிற மாட்டைத் தாண்டிப் போவது போல. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் குறைந்தது. பிறகு தெளிந்த தண்ணீரே வரத் தொடங்கியது. கொடியில் புது விரிப்பு ஒன்று தொங்கியதைக் கண்டு நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். சவிரி அண்ணை என்னைக் கண்டால் நல்ல பக்கத்துக் கையைத் தூக்கிக் காட்டுவார்.

3. இறைப்பு

ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கினார்கள். பூட்டிய கேற்றுகள் திறந்தன, ஒழுங்கையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இத்தனை வீட்டில் ஒரேயடியாகக் குளித்தால் மண்டி எழும்பும் என்று தெரியும். வீடு வீடாகப் போய், லைனில் நேரே மோட்டர் போட வேண்டாம், நிறம் வந்தால் பைப்பை மூடிவைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் ஆட்களை யாரும் வெல்ல முடியாது.

ஒழுங்கையின் முதல் வீடு தருமு அண்ணையுடையது. தோட்டக்காரர். ஊரில் யாருக்கு என்ன தேவை என்றாலும் முன்னுக்கு நிற்பவர். தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறியதும் அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னும், செத்தவீட்டுக்குப் பின்னும், கிணறு கலங்கினாலும் அயலவர் கூடி இறைப்பார்கள். அடி காணும் வரைக்கும் இறைத்து, ஆள் இறங்கிச் சேற்றை அள்ளி, பிறகு ஊறுகிற தண்ணீரைத்தான் குடிப்பார்கள். "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். தருமு அண்ணை ஒழுங்கை முழுவதும் சொல்லி, ஒரு காலைப்பொழுது எல்லா வீட்டுப் பைப்பையும் முழுதாகத் திறக்க வைத்தார். மோட்டர் வைத்திருந்தவர்கள் மோட்டரையும் போட்டார்கள். ஒரு திருவிழா மாதிரி நடந்ததாம்.

அன்று நான் காரைநகரில் வெடித்த குழாய் ஒன்றோடு நின்றேன். செய்தி வந்து நான் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

முன் வீடுகளில் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்துகொண்டிருந்தது. முன்னுக்கு இருப்பவர்களுக்குத் தெளிய, அவர்கள் மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எழும்பிய மண்டி முழுவதும் பின்னுக்குப் போய், கடைசியில் யோசப்பின் அக்காவின் தாங்கிக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் குறைந்தால் திறக்கிற தாங்கி மிதவை தன்பாட்டுக்குத் திறந்து, தாங்கி நிறையும் வரைக்கும் அந்தச் சேற்றை வாங்கியிருக்கிறது.

தருமு அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐசே, நாங்கள் நல்லதுக்குத்தான் செய்தனாங்கள். கிணறெண்டால் இறைச்சுப்போட்டுத்தானே குடிக்கிறம்" என்றார்.

"கிணத்துச் சேறு வெளியிலை வரும் அண்ணை. இந்தச் சேறு சவிரி அண்ணை வீட்டுக்குள்ளை போயிட்டுது" என்றேன்.

பின்னேரம் மண்வெட்டியோடு வந்து தாங்கியைக் கழுவ ஏறியவரும் அவர்தான். அந்த மனுசனோடு எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் நாங்கள் தாங்கியைக் கழுவலாம், லைனைக் கழுவ வோல்வ் வேண்டுமே. கலங்கிய லைனின் வால் முழுவதும் மண்டியோடு அப்படியே நின்றது.

4. ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு ஜெனி வந்தபோது நானும் அங்கே நின்றேன். பேசினில் தண்ணீர் எடுத்துத் துணியை நனைத்து யோசப்பின் அக்கா சவிரி அண்ணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனி பேசினைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மா, இந்தத் தண்ணியிலை அப்பாவைத் துடைக்க ஏலாது. இதைப் பாத்துப்போட்டு எனக்கு அங்கை நித்திரை கொள்ளவும் ஏலாது" என்றார்.

யோசப்பின் அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த வோல்வ் எப்ப வரும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இப்போதும் என் காதில் நிற்கிறது. அடுத்த மாதம் என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் மகளோடு வாதாடி இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பார். ஆனால் அந்தச் சேற்றுத் தண்ணீரோடு இருந்திருப்பார். "தெரியாது அக்கா" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டது என் சேவைக்காலத்தில் அந்த ஒருமுறைதான். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெளியவில்லை.

கிழமை முடிய முன் ஜெனியின் வீட்டுக்கு ஏற்றிப்போக வான் ஒன்று வந்தது. தருமு அண்ணையும் இன்னும் மூன்று பேரும் சவிரி அண்ணையைக் கதிரையோடு தூக்கினார்கள். வாசலைக் கடக்கும்போது அவர் நல்ல கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். யாரும் இழுக்கவில்லை. யோசப்பின் அக்கா பக்கத்தில் போய் நின்று, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மீற்றரைப் பார்க்கப் போவது போலப் பின்பக்கம் போய்விட்டேன்.

5. வோல்வ் வந்த நாள்

மாரி முழுவதும் போய், சித்திரையும் கழிந்து, எனக்குப் பென்சனுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வோல்வ் வந்து சேர்ந்தது. எஞ்சினியரே நின்று பொருத்துவித்தார். திறந்தவுடன் கறுப்பும் மண்ணிறமுமாக வாய்க்காலில் பாய்ந்தது. நாற்றம் தாங்கவில்லை. மெல்ல மெல்லத் தெளிந்து, பிறகு தண்ணீராகவே வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நிறம் மாறிய தண்ணீர் என்று யாராவது சொன்னால் முன் வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். கடைசி வீட்டுக்குப் போங்கள். சனங்களுக்குப் பைப் புதிது, கிணறுதான் பழக்கம். கிணற்று நியாயம் குழாய்க்குப் பொருந்தாது என்று ஒருமுறை சொன்னால் காணாது, வாயால் சொன்னாலும் காணாது. வாளியில் பிடித்துக் காட்ட வேண்டும். லைன் போடும்போதே வாலில் வோல்வ் போடச் சொல்லிச் சண்டை பிடியுங்கள். பிறகு போடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தண்ணீர் காத்திருக்கும், நோயாளி காத்திருக்க மாட்டார்.

எல்லோரும் போனபின் நான் யோசப்பின் அக்கா வீட்டு வளவுக்குள் போனேன். பைப்பை முழுதாகத் திறந்து பார்த்தேன். ஒரு தூசி இல்லை. அங்கேயே நின்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, தண்ணி தெளிஞ்சிட்டுது."

"நல்லது தம்பி. நல்லாய்ப் பாடுபட்டனீர்."

திரும்பி வருகிற யோசனை இருந்தால் தாங்கியைக் கழுவி வைக்கிறேன் என்றேன். அவர், "இவரை இனி அசைக்க ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றார். நான் ஓடுகிற பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்கை என்ன இரைச்சல் கேக்குது?" என்று கேட்டார்.

"பைப் அக்கா. திறந்துவிட்டிருக்கிறன்."

"அதை மூடும் ராசா. மூடிப்போட்டுப் போனைக் கடல் பக்கம் ஒருக்கால் பிடியும். நான் இவரின்ரை காதிலை வைக்கிறன்."

மூடினேன். பனங்கூடலைத் தாண்டிப் போய்க் கரையில் நின்று போனை நீட்டிப் பிடித்தேன். நல்ல காற்று. கை நோகத் தொடங்கியதும் போனை என் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சவிரி அண்ணையின் குரல் ஒரே ஒரு சொல் சொன்னது.

"சோளகம்."

யோசப்பின் அக்கா, "இன்னும் கொஞ்சநேரம் பிடியும் தம்பி" என்றார். நான் கையை மாற்றிப் பிடித்தேன்.