மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த விடுப்பு

விடுப்பு விதிகள் எனக்கு மனப்பாடம். கீரப்பாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பணியாளர் கோப்புகளைப் பார்க்கிறேன். யாருக்கு எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருக்கிறது, ஊதியமில்லா விடுப்பில் போனவர் திரும்பி வந்தால் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதையெல்லாம் கோப்பைத் திறக்காமலே சொல்வேன். மற்ற அலுவலகங்களிலிருந்தும் போன் செய்து கேட்பார்கள். அந்தப் பெருமையோடு என் மகளின் வேலைக்கும் விதி சொன்னேன். அவள் வேலை போயிற்று.

போன வாரம் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் ஒரு கட்டுரை படித்தேன். கொரோனா காலத்தை விமான நிறுவனங்கள் எப்படிச் சமாளித்தன என்பது பற்றியது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றினார்களாம். கடினமான முடிவுகளைத் துணிந்து எடுத்தார்களாம். இப்போது மீண்டு எழுந்துவிட்டார்களாம். கடினமான முடிவு யாருக்குக் கடினம் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஆலப்பாக்கம் வருவதற்குள் பேப்பரைக் கசக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "சார், ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும் குடுத்துடுங்க" என்றார்.

என் மகள் விமானத்தில் கேபின் க்ரூ. ஏர் ஹோஸ்டஸ் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "சாப்பாடு குடுக்கறது சும்மாப்பா. தீப்பிடிச்சா தொண்ணூறு செகண்டுல எல்லாரையும் எறக்கணும், அதுக்குத்தான் எங்கள ஏத்தறாங்க" என்பாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நெல்லும் கரும்பும் போட்டவர்கள், அதற்குப் பிறகு என்னைப் போல மேசைக்கு வந்தவர்கள். அவள் மட்டும் தானாக விண்ணப்பம் போட்டு, சென்னையில் தானாக நேர்காணலுக்குப் போய் வேலை வாங்கினாள். மூன்று வருடம் பறந்தாள். அடுத்த வருடம் சீனியர் ஆகியிருப்பாள்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. என் மனைவியின் தம்பி கடலூரில் வாடகைக் கார் ஓட்டுபவன். பெரும்பாலும் சென்னை விமான நிலையத்துக்குத்தான் சவாரி. அவன்தான் இரண்டு பெட்டிகளோடு அவளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டான். பிறகு அவன் காரும் தார்ப்பாய்க்குள் போய்விட்டது.

மே மாதம் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு வழி. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் சிறப்பு விமானங்களில் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு போகலாம். ஒவ்வொரு முறை திரும்பியதும் ஹோட்டலில் தனியாக இருக்க வேண்டும். அல்லது, நிலைமை சீராகும்வரை ஊதியமில்லா விடுப்பில் வீட்டில் இருக்கலாம். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டம் அப்போது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சென்னை மார்க்கெட்டில் வேலை பார்த்துவிட்டு லாரிகளில் திரும்பியவர்களால் ஊர் ஊராக நோய் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் பால் பாக்கெட்டைத் தகரத்தின் மேலாக எறிந்தார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை. எனக்கு மூச்சுத் தொந்தரவு. ஆனால் உண்மையைச் சொன்னால் நான் பயந்தது எங்கள் இருவருக்காக இல்லை.

"நான் போறேம்பா" என்றாள் மகள். "என் பேட்ச்ல முக்காவாசிப் பேரு போறாங்க."

"எங்க போற? துபாய்லேர்ந்து நோயோட வர்றவனக் கூட்டியாரவா?"

"அவுங்களும் ஊருக்கு வரணும்ல? நம்ம மாவட்டத்து ஆளுங்களே எத்தினி பேரு அங்க ரூமுக்குள்ள கெடக்கறாங்க."

மச்சான் அன்றைக்கு ஊரடங்குப் பாஸ் வாங்கி அக்காவுக்கு மாத்திரை கொண்டுவந்திருந்தான். வாசலிலேயே தள்ளி நின்று பேசினான். "மாமா, இன்னொரு பாஸ் போட்டா நானே சென்னைல கொண்டு உட்டுட்டு வரேன். வண்டியும் சும்மா நின்னுகினு கெடக்குது, நானும் சும்மா கெடக்கறேன். ரெண்டு பேருக்கும் துரு ஏறுது."

"ஒனக்குச் சவாரி வேணும்னா வேற ஆளப் பாரு மச்சான்" என்றேன்.

அவன் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா பொண்ணுகிட்ட வாடக வாங்கறவன்னு நெனச்சிட்டீங்களா? ரொம்ப ஜாஸ்தி பேசறீங்க மாமா." மாத்திரைப் பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் மகளிடம் அந்த விதியைச் சொன்னேன். "ஊதியமில்லா விடுப்புன்னா சம்பளம்தான் இல்ல. வேலை ஒன் பேர்லயே இருக்கும். ஆறு மாசம் கழிச்சுப் போனாலும் அதே எடம். இது எனக்குத் தெரியாதா?"

"அது கவர்மெண்ட்டுலப்பா."

"விடுப்புன்னா எங்கயும் விடுப்புதான்."

கடைசி மணி நேரத்தில் என் எதிரிலேயே போனை எடுத்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். மின்னஞ்சலில் போட்ட டிக் எனக்கு ஓர் ஆவணமாகவே தோன்றவில்லை. அலுவலகத்தில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! அதே மாதிரி அவளுக்கும் ஒரு கடிதம் தயாரித்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு ஊதியமில்லா விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஆங்கிலத்தில், பொருள், பார்வை எல்லாம் போட்டு. எங்கள் உலகத்தில் மேலிடம் உத்தரவு போட்டதையும் நாமே கேட்டதாகத்தான் எழுதுவோம். கேட்காமல் எதுவும் வராது. கேட்டதற்கு ஆதாரம் இருந்தால் யாரும் நம்மை அசைக்க முடியாது.

"இதெல்லாம் அங்க யாரும் படிக்க மாட்டாங்கப்பா" என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அட்டை வட்ட முத்திரையோடு திரும்பி வந்தது. அதைக் கோப்பில் கோத்து வைத்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வாங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை. வாரம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வீடியோவில் தோற்றச் சோதனை. கொண்டை, உதட்டுச் சாயம், நகம், கழுத்தில் ஸ்கார்ஃப். எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று எண்ணைக் காட்ட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில், மின்சாரம் இல்லாத அறையில், முகத்தில் பூசியது வழிய வழிய அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். சோதனை முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு அம்மாவுக்கு வெங்காயம் உரிப்பாள்.

பயிற்சி மறந்துவிடக் கூடாது என்று கொல்லைக் கதவை விமானக் கதவாக வைத்துக்கொண்டு தினமும் ஒத்திகை பார்ப்பாள். பெல்ட்டைக் கழற்று, பையை விடு, குதி என்று ஆங்கிலத்தில் கத்துவாள்.

"கீரக்காரம்மா கூடையப் போட்டுட்டு ஓடிட்டாங்கடி" என்றாள் என் மனைவி ஒருநாள்.

"பைய உட்டுட்டுத்தான் ஓடணும்மா. அவுங்க கரெக்டா செஞ்சிருக்காங்க."

நாங்கள் சிரித்தோம். சோதனை வைக்கிறார்கள் என்றால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றுதானே அர்த்தம் என்று நான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிடும் எண்ணமே இல்லாதவர்கள் ஒரு பெண்ணை எதற்காக எடைக் கருவியில் ஏற்றுவார்கள்? இன்றுவரை எனக்கு இதற்குப் பதில் தெரியாது.

ஆகஸ்டில் ஒருநாள், மறுநாள் காலை எல்லாரும் முழுச் சீருடையில் கேமரா முன் இருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. அவள் ஏழு மணிக்கே தலை வாரத் தொடங்கினாள். "ரிட்டர்ன் டேட் சொல்வாங்கன்னு க்ரூப்ல பேசிக்கிறாங்கப்பா" என்றாள். நான் அரை நாள் அனுமதி போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பெண், எல்லாருக்கும் ஒரே கொண்டை, ஒரே சிவப்பு. ஓர் ஆண் குரல் தாளைப் பார்த்துப் படித்தது. அந்த ஆளின் முகம் வரவில்லை. அவர் கேமராவைப் போடவில்லை. முழுச் சீருடை கேட்டவர் தன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. தொழில் நிலைமை என்றார், வருத்தம் என்றார், இன்றோடு என்றார். கட்டங்களில் வாய்கள் திறந்து மூடின. சத்தம் இல்லை. ஒரு பெண் கன்னத்தைத் துடைத்தபோது பூச்சு ஒரு பக்கம் முழுக்கக் கலைந்தது.

நான் எழுந்து போய் கோப்பை எடுத்துவந்து மகளின் தோளுக்கு மேலாக ஒப்புகை அட்டையைக் கேமராவில் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் விடுப்பில் இருக்கிறாள், விடுப்பில் இருப்பவரை நீக்க முடியாது, ஆதாரம் இருக்கிறது என்று.

"அப்பா." அவள் திரும்பவில்லை. "மைக்க அவுங்களே ஆஃப் பண்ணி வச்சிருக்காங்கப்பா. யாருக்கும் கேக்காது."

கூட்டம் முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

யாரை வைத்துக்கொண்டார்கள், யாரை நீக்கினார்கள் என்பது அன்று மதியம் வந்த மின்னஞ்சலில் இருந்தது. சுற்றி வளைத்து எழுதியிருந்ததை அவள் தமிழில் ஒரே வரியில் சொன்னாள்: "கூப்பிட்டப்ப வராதவங்க." சிறப்பு விமானங்களில் போனவர்களுக்கு வேலை இருந்தது.

நான் விடவில்லை. விடுப்பு என்பது நிறுவனமே கொடுத்த வழிதான், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அவள் பெயரில் எழுதினேன். பதில் வந்தது. இரண்டு வரிப் பதில், ஓர் இணைப்பு. இணைப்பில் இருந்தது நான் எழுதிக் கொடுத்த கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக விடுப்பு வேண்டும் என்று பணியாளர் தாமாகவே கேட்டிருக்கிறார், நிறுவனம் யாரையும் விடுப்பில் போகச் சொல்லவில்லை என்றது பதில். மின்னஞ்சலில் டிக் மட்டும் போட்டவர்கள் சிலர் சேர்ந்து வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். மகளை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளிடம் அந்தக் கடிதம் இருந்ததால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "நீ சொன்னதக் கேட்டேம்பா" என்று மட்டும் சொன்னாள்.

சீருடையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். உலர்சலவை செய்து, சலவைக் கடை ரசீதோடு. ஊரடங்கில் சிதம்பரத்தில் எந்தச் சலவைக் கடையும் இன்னும் திறக்கவில்லை. மச்சான்தான் கடலூர் முழுக்கச் சுற்றி, பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு கடையைக் கண்டுபிடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான்: "உடுங்க மாமா. இந்தத் துணிய வச்சிகினு அவனுங்க இன்னா பண்ணப் போறானுங்க, பொண்டாட்டிக்கா கட்டி உடப் போறானுங்க?" அவன் அப்படிச் சொன்னதும் நடுவீட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறு வருடம் கடலூரில் ஒரு பெரிய துணிக்கடையில் வாசலில் நின்று வணக்கம் சொல்லும் வேலைக்குப் போனாள். நன்றாகச் சிரிக்கிறாள், கால் வலிக்காமல் நிற்கிறாள் என்று முதலாளிக்குத் திருப்தி. சொந்தக்காரர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் அவளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். "பொண்ணு தரைக்கு எறங்கிடுச்சாமே" என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

மூன்றாவது வருடம் விமானங்கள் நிரம்பி வழிந்தன. ஆள் போதவில்லை. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஆனால் புது ஆளாக. முதலிலிருந்து பயிற்சி. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இப்போது சீனியர். அவள் கடலூரிலிருந்தே மச்சானின் காரில் நேர்காணலுக்குப் போய்வந்ததை மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மகளிடம் கேட்டேன்.

"சொன்னா யோசன சொல்வ" என்றாள்.

ஒப்பந்தத்தை மேசை மேலேயே வைத்திருந்தாள். நான் கேட்காமலே எடுத்து வரி வரியாகப் படித்தேன். பதினான்காவது பிரிவில் இருந்தது: எதிர்பாராத சூழ்நிலை வந்தால் நிறுவனம் தன் விருப்பப்படி பணியாளரை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பலாம், திரும்ப எடுப்பதாக எந்த உத்தரவாதமும் இல்லை. முன்பு மறைத்துச் செய்ததை இப்போது அச்சடித்துவிட்டார்கள்.

"பதினாலு படிச்சியா?"

"படிச்சேன்."

"அதுல என்ன போட்டுருக்கான்னா..."

"தெரியும்பா." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். "எனக்குப் பறக்கணும். அவ்ளோதான். இதுக்கு நீ ஒன்னும் எழுத வேணாம்."

நான் எழுதவில்லை. அவள் மறுபடியும் பறக்கிறாள். எங்காவது புது நோய் என்று செய்தி வந்தால் என் மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறாள். நான் போனில் பார்க்கிறேன். கட்டுரை எழுதுகிறவர்கள் எழுதட்டும், மீண்டு வந்தார்கள் என்று. அந்தப் பதினான்காவது பிரிவு அப்படியே இருக்கிறது. மகள் இப்போது எந்த ஊர் மேலே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.